மக்னீசியம் ஊத்த ஊத்த இறங்குது: 250 லிட்டர் ரீஃப் தொட்டி, உதவி தேவை

ஈசூன்வாசி (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். கடல் தண்ணியில பவளம் வளர்க்கிற ரீஃப் தொட்டி, இரண்டு வருஷமா ஓடுது. பாறையைக் கழிச்சு, சம்ப்பையும் (கீழ இருக்கிற துணைத் தொட்டி) சேர்த்து, தண்ணி மட்டும் 250 லிட்டர். பவளத்துல மாண்டிபோரா ரெண்டு, ஒரு பெரிய யூஃபிலியா கொத்து, கொஞ்சம் ஜோவாந்தஸ், அஞ்சு மீன். பாறையெல்லாம் கோரலின் (சுண்ணாம்பு கட்டுற பாசி) ஏறி ஊதா நிறமாயிடுச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 20 லிட்டர் தண்ணி மாத்துறேன்.

ஆறு வாரத்துக்கு முன்னாடி மக்னீசியம் 1290 பிபிஎம் (பத்து லட்சத்துல பங்கு). மூணு வாரம் முன்னாடி 1210. பதறிப்போய் ஒரு பாட்டில் வாங்கி வாரம் ரெண்டு தடவை ஊத்திட்டு வர்றேன். பாட்டில்ல போட்ட கணக்குப்படி இதுவரைக்கும் 40 பிபிஎம் ஏறியிருக்கணும். நேத்து ராத்திரி பார்த்தா 1170! கால்சியம் 375, கேஹெச் (தண்ணியோட கார்பனேட் காரத்தன்மை) 6.4. ரெண்டுமே வழக்கத்தைவிடக் கம்மி. சம்ப்ல இருந்து தண்ணியை மேல ஏத்துற ரிட்டர்ன் பம்பைக் கழட்டினேன், உள்ள சுழல்ற இம்பெல்லர்ல வெள்ளையா பொருக்கு கட்டியிருக்கு. ரெண்டு நாளா மாண்டிபோரா ஓரம் வெளிறின மாதிரி தெரியுது. நத்தைங்க கண்ணாடியில ஏறாம அடியிலேயே கிடக்குதுங்க.

கடைல கேட்டேன். டோஸை ரெட்டிப்பாக்குங்க, கூடவே ஸ்ட்ரான்ஷியமும் அயோடினும் போடுங்கன்னு சொல்லி ரெண்டு பாட்டில் கையில குடுத்துட்டாங்க. இன்னும் திறக்கலை. இந்த சனி, ஞாயிறுக்குள்ள 1350க்குக் கொண்டு வந்துடலாமா? இந்த யூஃபிலியா ஒரு தலையா வாங்கி நான் வளர்த்தது. இப்ப பதினாலு தலை. அதை இழக்க மனசில்லை.

வண்ணத்தொட்டி (கிள்ளான், மலேசியா)

தாராளமா ஏத்துங்க சகோ. நான் 1400க்குக் கீழ விடுறதே இல்லை. மக்னீசியம் குறைஞ்சா கால்சியமும் கேஹெச்சும் கையில நிக்காது, உங்க மூணு ரீடிங்கும் அதைத்தான் காட்டுது. பம்புல படிஞ்ச பொருக்கும் அதே கதைதான். வாரா வாரம் நான் மக்னீசியம், ஸ்ட்ரான்ஷியம், பொட்டாசியம், அயோடின் எல்லாம் போடுறேன். நாலு வருஷமா நிறம் அப்படியே இருக்கு.

வடலிக்காற்று (டொராண்டோ)

தம்பி, ஒண்டும் ஊத்தாதேங்கோ. முதல்ல நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ.

தண்ணியின்ர உப்பளவு இப்ப எவ்வளவு? "இருக்கும்" எண்டு சொல்லாம, இண்டைக்கு அளந்து சொல்லுங்கோ. மக்னீசியம் டெஸ்ட் எந்த வெளிச்சத்தில செய்தனீங்கள்? ஸ்கிம்மர் (நுரையோட அழுக்கை வெளியில தள்ளுற கருவி) கோப்பையில ஒரு நாளைக்கு எவ்வளவு சேருது, என்ன நிறம்? கடைசியா, கேஹெச்சுக்கு என்ன போடுறீங்கள், எந்த இடத்தில ஊத்துறீங்கள்?

ஏன் கேக்கிறன் எண்டா, மூண்டு வாரத்தில 80 பிபிஎம் மக்னீசியத்தைத் தின்னுற பவளம் உலகத்தில இல்லை. உங்கட தொட்டியில இருக்கிற அளவுக்கு நிச்சயமா இல்லை. மக்னீசியம் மட்டும் குறைஞ்சிருந்தா வேற மாதிரி யோசிக்கலாம். மூண்டும் ஒரே நேரத்தில, கிட்டத்தட்ட ஒரே வீதத்தில இறங்கியிருக்கு. எனக்கு அதுதான் உறுத்துது.

ஈசூன்வாசி

நன்றி அக்கா. உப்பு 35 (கிலோ தண்ணிக்கு 35 கிராம்) வச்சிருக்கேன். ஆவியாகுற தண்ணியைத் தானா நிரப்புற ஆட்டோ டாப் அப் இருக்கறதால ரெண்டு மாசமா தனியா அளக்கலை, அது தானா பார்த்துக்கும்னு விட்டுட்டேன். டெஸ்ட் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்குத் தொட்டிப் பக்கத்துல நின்னு செஞ்சது. அப்ப நீல எல்இடி மட்டும்தான் எரியும்.

ஸ்கிம்மர் பத்தி நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி அதைக் கழுவி மறுபடி மாட்டினேன். அதுல இருந்து கோப்பை சீக்கிரம் ரொம்புது. முன்ன கெட்டியா கறுப்பா, நாத்தமா இருக்கும். இப்ப வெளிறின டீ மாதிரி, நாளைக்கு அரை லிட்டர் கொட்டுறேன். நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்.

கேஹெச்சுக்கு சமையல் சோடா கரைச்சு காலைல ஒரே தடவையா ரிட்டர்ன் பம்ப் அறையில ஊத்துறேன்.

அளத்துக்காரன் (மஸ்கட், சொந்த ஊர் தூத்துக்குடி)

தம்பி, நான் உப்பளத்துல வளர்ந்தவன். எங்கப்பா பாத்தி பாத்தியா தண்ணி மாத்தி விட்டதைப் பார்த்துத்தான் இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது, அதனால அந்த வழியிலேயே சொல்றேன்.

வெயில்ல ஆவியாகுறது தண்ணி மட்டும்தான். உப்பு பாத்திலேயே இருக்கும். உங்க தொட்டிலயும் அப்படித்தான், மின்விசிறி காத்துல போறது வெறும் தண்ணி. அதுக்குப் பதிலா ஆட்டோ டாப் அப் நல்ல தண்ணி விட்டா கணக்கு சரி. ஆனா ஸ்கிம்மர் வெளியே தள்ளுற அந்த வெளிறின டீ இருக்கே, அது உங்க தொட்டி உப்புத் தண்ணியேதான். அது போன இடத்தையும் டாப் அப் நல்ல தண்ணி விட்டுத்தான் நிரப்புது. மிதவைக்கு மட்டம் இறங்கினது மட்டும்தான் தெரியும். தண்ணி ஆவியா போச்சா, உப்போட போச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

நாளைக்கு அரை லிட்டர், 35 நாள். பதினேழரை லிட்டர் கடல் தண்ணியை எடுத்துட்டு அதே அளவு நல்ல தண்ணி ஊத்தியிருக்கீங்க. 250ல அது 7 சதவீதம். உப்புல 7 சதவீதம் போனா மக்னீசியத்துல 7 சதவீதம், கால்சியத்துல 7 சதவீதம், எல்லாத்துலயும் போகும். 1290ல 7 சதவீதம் 90. உங்க மக்னீசியம் போன வழி இதுதான்.

ஈசூன்வாசி

அண்ணா, இப்பவே ரிஃப்ராக்டோமீட்டர்ல (ஒளி வளையறதை வச்சு உப்பை அளக்கிற கருவி) பார்த்தேன். 33 காட்டுது. நீங்க சொன்னது சரி. ஸ்கிம்மரைத் தண்ணி மட்டத்துல இருந்து உயர்த்திட்டேன். 33ஐ 35க்குக் கொண்டு வந்துட்டா போதுமா?

ஆய்வக_மீனா (கோயம்புத்தூர்)

பொறுங்க, அந்த 33ஐயும் நம்பாதீங்க. ரிஃப்ராக்டோமீட்டரைக் கடைசியா எதை வச்சு சரி பண்ணீங்க?

ஈசூன்வாசி

ஆர்ஓ தண்ணி வச்சு பூஜ்யத்துல நிறுத்தினேன். பெட்டியில வந்த தாள்ல அப்படித்தான் போட்டிருந்தது.

ஆய்வக_மீனா

பெரும்பாலானவங்க அப்படித்தான் செய்யறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

பூஜ்யத்துல சரியா நிக்கிற கருவி 35ல சரியா நிக்கும்னு கட்டாயம் இல்லை. விலை குறைஞ்ச கருவி பலதுல உள்ள அளவுகோல் சோடியம் குளோரைடு கரைசலுக்காக வரைஞ்சது, கடல் தண்ணிக்காக இல்லை. ரெண்டும் ஒளியை ஒரே மாதிரி வளைக்காது. அதனாலேயே ஒண்ணு ஒண்ணரை தப்பிப் போகும். கருவியோட சொந்தப் பிழை அதுக்கு மேல. நாம பார்க்கப் போறது 35 பக்கம்னா, 35 பக்கத்துலயே ஒரு கரைசலை வச்சு சரி பண்ணணும்.

35 உப்பளவு கடல் தண்ணிக்குரிய திரவம் கடையிலயும் கிடைக்குது, வீட்டுலயும் செய்யலாம். 3.65 சதவீதம் எடை கொண்ட சோடியம் குளோரைடு கரைசலோட ஒளிவிலகல் எண், 35 உப்பளவு கடல் தண்ணியோடதும் ஒண்ணுதான். அதாவது 36.5 கிராம் சுத்தமான உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணி. தண்ணியையும் தராசுலதான் நிறுக்கணும், மிலி கணக்கு வேண்டாம். உப்பு காய்ஞ்சு பொலபொலன்னு இருக்கணும், கல்லுப்பு கூடாது. நல்லாக் கலக்கி, அறை வெப்பத்துக்கு வந்தப்புறம் கண்ணாடியில ரெண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழிச்சுப் பாருங்க. கருவி 35 காட்டணும்.

இன்னொண்ணு, மக்னீசியத்தைப் பகல்ல ஜன்னல்கிட்ட நின்னு மறுபடி பாருங்க. சிரிஞ்சுல இருந்து சொட்டுச் சொட்டா விடும்போது இளஞ்சிவப்பு மாறி சாம்பல் கலந்த நீலம் வர்ற அந்த ஒரு சொட்டைத்தான் நாம பிடிக்கணும். நீல எல்இடிக்குக் கீழ இளஞ்சிவப்பே ஊதாவாத்தான் தெரியும், அதுனால சீக்கிரமே நிறுத்திடுவீங்க. சீக்கிரம் நிறுத்தினா ரீடிங் குறையும். சிரிஞ்சு நுனியில காத்து இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிஸ்டனோட கறுப்பு அடிவிளிம்பு எந்தக் கோட்டுல நிக்குதுன்னு மட்டும் பாருங்க.

காசிமேடு_அலை (சென்னை)

இதைப் படிக்கும்போது என் சொந்த அனுபவம் ஞாபகம் வருது, அதனால எழுதறேன். என் தொட்டியில பவளம் கிடையாது. கல் பவளம் நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலியும் அதே அட்டவணைதான். மன்னார் வளைகுடாவுல இருந்து எடுத்து வித்தாலும், வாங்கினாலும் குற்றம். அதனால மீனும் பாறையும் மட்டும். ஆனா பாறையில கோரலின் நல்லா வளரும், அதுக்கு மக்னீசியம் வேணும்.

தண்ணி எனக்குக் கடல்ல இருந்துதான். தெரிஞ்ச படகுக்காரர் கரையை விட்டு நல்லா உள்ள போய் கேன்ல மொண்டு வந்து தருவார். மூணு வருஷத்துக்கு முன்னாடி நவம்பர் கடைசியில வாங்கின தண்ணியில மக்னீசியம் 1030 காட்டுச்சு. கடல் தண்ணியிலயே மக்னீசியம் இல்லையான்னு அதிர்ந்து போனேன். கிட் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கினேன், அதுவும் 1040. கடைசியில உப்பை அளந்தா 28. வடகிழக்குப் பருவமழை சமயத்துல வங்கக் கடலுக்குள்ள ஆறெல்லாம் கொட்டுற நல்ல தண்ணி, நீரோட்டத்தோட வடக்கே இருந்து நம்ம கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். மேல மழை வேற. அந்த மாசங்கள்ல நம்ம கடலே உப்பு குறைஞ்சுதான் இருக்கும். 28க்கு 1030 சரியான அளவு. தண்ணியில ஒரு குறையும் இல்லை.

அதுக்கப்புறம் ஐப்பசி, கார்த்திகையில தண்ணி வந்தா கொஞ்சம் செயற்கை உப்பு கலந்து 35க்கு ஏத்திட்டுத்தான் தொட்டிக்குள்ள விடுவேன். மக்னீசியத்தை மட்டும் தனியா ஏத்தினதே இல்லை.

வண்ணத்தொட்டி

உப்பு விஷயம் ஒத்துக்கறேன், நான் முதல்லயே கேட்டிருக்கணும். ஆனா மக்னீசியம் செலவே ஆகாதுங்கற மாதிரி பேச்சு போகுது. அது தப்பு. கோரலின் பாசி மக்னீசியம் நிறைய எடுக்கும். பவள எலும்புலயும் இருக்கு. செலவானா திரும்பப் போட்டுத்தானே ஆகணும்?

வடலிக்காற்று

செலவாகும் எண்டது உண்மை. எவ்வளவு எண்டதுதான் கேள்வி.

பவளம் எலும்பு கட்டேக்க கேஹெச் 1 குறைஞ்சா கால்சியம் 7 பிபிஎம் அளவில குறையும். அது இரசாயனக் கணக்கு, எல்லாத் தொட்டிக்கும் ஒண்டுதான். மக்னீசியம் அந்தக் கால்சியத்தில பத்தில ஒரு பங்கு, கோரலின் கூட இருந்தா கொஞ்சம் மேல, இல்லாட்டி அதுக்கும் கீழ. தம்பியின்ர தொட்டி ஒரு நாளைக்கு 0.4 கேஹெச் குடிக்குது எண்டு வையுங்கோ. கால்சியம் மூண்டு பிபிஎம் போகும், மக்னீசியம் 0.3. ஒரு மாசத்துக்கு ஒன்பது, பத்து பிபிஎம். சொட்டுச் சொட்டா விட்டுப் பாக்கிற கிட்டுகளில அது தெரியவே தெரியாது. ஒரே தண்ணியை ரெண்டு தரம் பார்த்தாலே 30 வித்தியாசம் வரும்.

எனக்கு 600 லிட்டர், கால்சியம் ரியாக்டர் (பவளத் துண்டுகளைக் கரைச்சுக் கால்சியம் குடுக்கிற கருவி) ஓடுது, பவளம் அடர்த்தியா இருக்கு. நான் மாசத்துக்கு ஒருக்காத்தான் மக்னீசியம் பாக்கிறன். கேஹெச் மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா. அதுதான் நாளுக்கு நாள் அசையும்.

மக்னீசியம் ஏன் முக்கியம் எண்டதையும் சொல்ல வேணும். கடல் தண்ணியில கால்சியம் கார்பனேட் தாங்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு கூடத்தான் இருக்கு. அப்படிப் பாத்தா அது தானாப் படிஞ்சு சுண்ணாம்பாகிப் போகவேணும். போகாம இருக்கிறதுக்கு ஒரு பெரிய காரணம் மக்னீசியம். ஒரு சின்னப் படிகம் உருவாகத் தொடங்கினா மக்னீசியம் போய் அதின்ர மேற்பரப்பில ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளர விடாது. கடலில ஒவ்வொரு கால்சியம் அணுவுக்கும் அஞ்சு மக்னீசியம் அணு நிக்குது. அந்தக் காவல் குறைஞ்சாத்தான் நீங்கள் சொன்ன பிரச்சினை வரும், அதில சந்தேகமில்லை. ஆனா 1250க்கும் 1400க்கும் நடுவில பவளத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஈசூன்வாசி

மீனாக்கா சொன்ன கரைசலைச் செஞ்சேன். வீட்டுல நகை நிறுக்கிற சின்னத் தராசு இருந்தது, அதனால நூறு கிராம் அளவுக்கு மட்டும்: 3.65 கிராம் உப்பு, 96.35 கிராம் தண்ணி. கண்ணாடியில விட்டுப் பார்த்தா கோடு 37ல நிக்குது. மூணு தடவை துடைச்சுப் பார்த்தேன், மூணு தடவையும் 37.

அப்படின்னா என் கருவி ரெண்டு அதிகமா காட்டிட்டு இருந்திருக்கு. 33ன்னு பார்த்தது நிஜத்துல 31. நான் 35ன்னு நம்பிக் கலக்கின ஒவ்வொரு தண்ணி மாத்தமும் 33தான். மனசு கனத்துப் போச்சு. நத்தைங்க ஏன் ஏறலைன்னு இப்பப் புரியுது.

இன்னைக்கு மதியம் ஜன்னல்கிட்ட வச்சு மக்னீசியம் பார்த்தேன், ரெண்டு தடவை. 1230, 1215. சுமார் 1220ன்னு வச்சுக்கறேன்.

ஆய்வக_மீனா

மனசைத் தளர விடாதீங்க, நல்ல நேரத்துல பிடிச்சிட்டீங்க. இப்ப இந்தக் கணக்கைப் பாருங்க, இந்த இழையிலேயே முக்கியமானது இதுதான்.

31 உப்புல 1220 மக்னீசியம். அதை 35க்கு மாத்திப் பார்த்தா 1220ஐ 35ஆல் பெருக்கி 31ஆல் வகுக்கணும், 1377 வருது. உங்க தண்ணியில மக்னீசியம் குறையவே இல்லை. நீங்க ஊத்தின பாட்டில் அத்தனையும் உள்ளேயே இருக்கு, இயற்கைக் கடலைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கு. குறைஞ்சது உப்பு.

முதல் பதிவுல கேட்ட மாதிரி வார இறுதியில 1350க்கு ஏத்தியிருந்தா, அப்புறம் ஒருநாள் உப்பைச் சரி பண்ணும்போது 1524க்குப் போயிருக்கும். கூட்டினதை வெளியே எடுக்க வழி கிடையாது, தண்ணி மாத்தி மாத்தித்தான் இறக்கணும். பிரையாப்சிஸ் பாசியை ஒழிக்க 1600 வரைக்கும் வேணும்னே ஏத்துறவங்க உண்டு. அந்தச் சமயத்துல நத்தைங்க துவண்டு போறதையும் அவங்களே எழுதியிருக்காங்க. கடல்வாழ் முதுகெலும்பில்லாத உயிரிகளை மயக்கப்படுத்த ஆய்வகத்துல பயன்படுத்துறதே மக்னீசியம் குளோரைடு கரைசல்தான். அளவு மீறினா அது தசையைத் தளர்த்துற மருந்து.

உப்பை எப்படி ஏத்தறதுன்னு கேட்டா, உப்பைத் தொட்டியில நேரடியாக் கொட்டாதீங்க. ஆட்டோ டாப் அப் வாளியில நல்ல தண்ணிக்குப் பதிலா, சரிபார்த்த கருவியால அளந்த 35 உப்புத் தண்ணியை நிரப்பி விடுங்க. நாளைக்கு எவ்வளவு ஆவியாகுது?

ஈசூன்வாசி

மின்விசிறி ரெண்டு ஓடுது. நாளைக்கு 4 லிட்டர்.

ஆய்வக_மீனா

4 லிட்டர்ல 140 கிராம் உப்பு. 250 லிட்டருக்கு நாளைக்கு 0.56 ஏறும். 31ல இருந்து 35க்கு ஏழு நாள் ஆகும். நத்தைக்கும் பவளத்துக்கும் அந்த வேகம் போதும், அதைவிட அவசரம் வேண்டாம். ஆறாம் நாள்ல இருந்து தினமும் அளந்துட்டு, 35 வந்ததும் அன்னைக்கே நல்ல தண்ணிக்கு மாத்திடுங்க. மறந்தா அந்தப் பக்கம் ஏறிடும்.

வடலிக்காற்று

ஒரு விஷயம் விடுபட்டுப் போச்சு. பம்பில இருக்கிற பொருக்குக்கும் மக்னீசியத்துக்கும் சம்பந்தமில்லை எண்டுதான் நான் நினைக்கிறன். சோடாக் கரைசலை ஒரேயடியாப் பம்ப் அறையில ஊத்தினா, அந்த இடத்தில ஒரு நிமிசத்துக்குக் கேஹெச் பல மடங்கு கூடும். அங்கேயே வெள்ளைப் புகை மாதிரிக் கலங்கி, பம்புக்குள்ள போய்ச் சூட்டில ஒட்டும். நீங்கள் போட்ட கேஹெச்சில ஒரு பங்கு பம்பிலதான் இருக்கு. ஸ்கிம்மருக்குப் பிறகு தண்ணி வேகமா ஓடுற இடத்தில, கொஞ்சம் கொஞ்சமா, முடிஞ்சா டோசிங் பம்பில விடுங்கோ. கால்சியமும் சோடாவும் ஒரே நேரத்தில விடக்கூடாது, ஒரு அரை மணித்தியாலமாவது இடைவெளி வேணும். மக்னீசியக் கரைசலையும் சோடாக் கரைசலையும் ஒரே பாத்திரத்தில சேர்க்கவே கூடாது, கட்டிபட்டுப் போகும்.

இம்பெல்லரைத் தண்ணி கலந்த வினிகரில ஒரு மணித்தியாலம் போட்டு வையுங்கோ. நுரைச்சுக் கொண்டு கழண்டு வரும். கழுவிப்போட்டுத்தான் மாட்ட வேணும்.

வண்ணத்தொட்டி

மீனா அக்கா, ஒரு கேள்வி. உண்மையாவே மக்னீசியம் குறைஞ்ச தொட்டிக்கு பாட்டில் விலை கட்டுப்படியாகலை. எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்) கிலோ கணக்குல மலிவாக் கிடைக்குது. அதை மட்டும் போட்டா என்ன?

ஆய்வக_மீனா

போடலாம், ஆனா அதை மட்டும் தொடர்ந்து போடக்கூடாது. 250 லிட்டர்ல 100 பிபிஎம் ஏத்த 25 கிராம் மக்னீசியம் வேணும். எப்சம்னா சுமார் 254 கிராம். அதோட சேர்ந்து வர்ற சல்ஃபேட் கிட்டத்தட்ட 395 பிபிஎம். கடல்ல சல்ஃபேட் மொத்தமே 2700 பிபிஎம்தான். ஒரே தடவையில அதை ஏழுல ஒரு பங்கு கூட்டுறீங்க. மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்னா 210 கிராம் போதும். அதோட வர்ற குளோரைடு 290 பிபிஎம், கடல்ல இருக்கிற 19,000க்கு முன்னாடி அது ஒண்ணுமில்லை. அதனால பெரும்பங்கு குளோரைடு, சின்னப் பங்கு எப்சம். ஒரு நாளைக்கு 100 பிபிஎம்முக்கு மேல ஏத்தாதீங்க, 50ன்னா இன்னும் நல்லது.

எங்க ஊர் உரக்கடையில விக்கிற மக்னீசியம் சல்ஃபேட் தென்னைக்கும் வாழைக்கும் போடறதுக்கு. அதுல அம்மோனியா, உலோகம் எவ்வளவுன்னு மூட்டையில எழுதியிருக்காது. உணவுத் தரமோ மருந்துத் தரமோ வாங்குங்க. மக்னீசியம் குளோரைடு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். திறந்து வச்ச பொட்டலம் ஒரு வாரத்துல கசிஞ்சு சேறாயிடும், அப்புறம் எடை போட்டா கணக்கு வராது. வாங்கின அன்னைக்கே மொத்தத்தையும் கரைச்சு பாட்டில்ல வச்சுக்கறது நல்லது.

அளத்துக்காரன்

மீனா சொன்ன குளோரைடு எங்க அளத்துல சும்மா ஓடும். தண்ணி 25 டிகிரி (போமே, அடர்த்தி அளவு, சூடு இல்லை) வந்தா உப்பு பூக்கும். சுண்ணாம்பும் ஜிப்சமும் அதுக்கு முன்னாடியே அடியில படிஞ்சிருக்கும். உப்பு வாரி, தண்ணி 29, 30 டிகிரி ஆச்சுன்னா அதை வெளியே விட்டுடணும், இல்லைன்னா உப்பே கசந்துடும். அந்தக் கசப்புத் தண்ணியில மக்னீசியம் நிறைய இருக்கும். கால்ல பட்டா வழவழன்னு இருக்கும், வெடிப்புல பட்டா எரியும். ஜப்பான்ல அதையே காய்ச்சி நிகாரின்னு டோஃபு உறைய வைக்கப் பயன்படுத்துறாங்க. ஈசூன்வாசி தம்பிக்கு சிங்கப்பூர்ல அது சுலபமாக் கிடைக்கும், ஆனா பொட்டலத்துல வேற எதுவும் சேர்க்கலைன்னு பார்த்து வாங்கணும்.

வண்ணத்தொட்டி

விளக்கத்துக்கு நன்றி. ஸ்ட்ரான்ஷியம், அயோடின் பத்தி என்ன சொல்றீங்க? நான் நாலு வருஷமா போட்டு எனக்குக் கெடுதல் எதுவும் தெரியலை.

வடலிக்காற்று

கடலில ஸ்ட்ரான்ஷியம் 8 பிபிஎம், பொட்டாசியம் 400, அயோடின் வெறும் 0.06. நீங்கள் வாரா வாரம் போடுறதில எவ்வளவு மிச்சம் நிக்குது எண்டு வருசத்தில ஒருக்காவாவது ஐசிபி சோதனைக்கு (ஆய்வகத்தில ஒவ்வொரு தனிமமா அளக்கிறது) அனுப்பிப் பாத்தனீங்களோ? பாத்து, குறைஞ்சிருந்தா போடுங்கோ, நான் மறுக்கேல்லை. நானும் பொட்டாசியம் குறைஞ்சு ஒருக்காப் போட்டனான். ஆனா 0.06 தேவைப்படுற ஒண்டை அளக்காம ஊத்திறது எனக்குப் பயம். தம்பியின்ர தொட்டிக்கு இப்ப அது ரெண்டுமே தேவையில்லை. அந்தப் பாட்டில்களைத் திறக்காமலே திருப்பிக் குடுங்கோ.

வண்ணத்தொட்டி

ஐசிபி இதுவரைக்கும் அனுப்பலை. இந்த மாசம் அனுப்பறேன், வந்ததும் இங்கேயே போடறேன். பொட்டாசியம் 400க்கு மேல இருந்தா அதை நிறுத்திடறேன்.

ஈசூன்வாசி

ஒன்பது நாள் கழிச்சு எழுதறேன். ஏழாம் நாள் காலைல 35 வந்தது, அன்னைக்கே டாப் அப் வாளியை நல்ல தண்ணிக்கு மாத்திட்டேன். நண்பர் ஒருத்தர்கிட்ட மின்கடத்தல் மீட்டர் இருந்தது, அதுலயும் பார்த்தேன்: 53 மில்லி சீமென்ஸ். அதுவும் 35தான்.

மக்னீசியம் ஒரு சொட்டுகூடச் சேர்க்கலை. இன்னைக்கு மதியம் பகல் வெளிச்சத்துல 1365. கால்சியம் 420, கேஹெச் 7.2. மீனாக்கா கணக்குப் போட்ட எண்ணுக்குப் பக்கத்துலயே நிக்குது.

இம்பெல்லர் வினிகர்ல சுத்தமாயிடுச்சு. சோடாவை இப்ப நாளைக்கு ஆறு தடவையாப் பிரிச்சு ஸ்கிம்மருக்கு அடுத்த அறையில விடறேன், வெள்ளைக் கலங்கல் வரலை. ஸ்கிம்மர் கோப்பை மறுபடி கறுப்பா கெட்டியா, மூணு நாளைக்கு ஒரு கோப்பை.

கடையில ரெண்டு பாட்டிலையும் மறுபேச்சில்லாம திருப்பி எடுத்துக்கிட்டாங்க.

அளத்துக்காரன்

நல்ல சேதி. மாண்டிபோரா?

ஈசூன்வாசி

ஓரம் வெளிறினது அப்படியே நின்னுடுச்சு, மேற்கொண்டு பரவலை. யூஃபிலியா பதினாலு தலையும் விரிஞ்சிருக்கு அண்ணா.

காசிமேடு_அலை

தம்பி, அந்த 3.65 கரைசல் மிச்சம் இருந்தா இறுக்கமா மூடி வைங்க. மூடி லூஸா இருந்தா அது ஆவியாகி தானா கெட்டியாகும், அப்புறம் கருவியையே தப்பா சரி பண்ணிடுவீங்க. நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொட்டிட்டுப் புதுசா செய்யறேன்.

ஈசூன்வாசி

சரிங்க, பாட்டில்ல தேதி எழுதி ஒட்டிட்டேன்.

ஒரு மாசம் ஆச்சு, கடைசி ரீடிங்கையும் போட்டுடறேன். உப்பு 35. ஞாயிறு காலைல உப்பு பார்க்கிறது வழக்கமாயிடுச்சு. கேஹெச் ஒரு நாள் சோடா விடாம வச்சுப் பார்த்தேன், 0.4தான் குறையுது, வடலிக்காற்று அக்கா ஊகிச்ச அதே எண். மக்னீசியம் 1350, 1365 ரெண்டு தடவை பார்த்ததுல. எதுவும் சேர்க்கலை.

இன்னைக்குக் காலைல விளக்கு எரியறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாலு நத்தையும் தண்ணி மட்டம் வரைக்கும் ஏறியிருக்கு, கண்ணாடி முழுக்க பாசியை மேய்ஞ்ச தடம் வளைஞ்சு வளைஞ்சு போகுது.